பஞ்சு நனையும் நேரம்

எரிந்த பருத்தியின் மணத்தை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு சாறி பிளவுஸ் தைக்கிறவள் நான். துணியைக் கொண்டுவந்து நீட்டி 'சுத்தமான கொட்டன், அக்கா' என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு, ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சியில் பிடிப்பேன். கடுதாசி எரிகிற மணம் வந்தால் சொன்னது உண்மை. பிளாஸ்டிக் நாறினால் துணியைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன், தைத்துத்தான் கொடுப்பேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன்.

அதனால், என் கணவர் ஒருநாள் வேலையால் வந்து சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற அந்த மின்-சிகரெட்டை, அந்த வேப்பை, என் தையல் மேசையில் போட்டு, கருகுகிறது, தொண்டை பத்தி எரிகிறது என்றபோது, நான் அதன் வாயை மூக்கருகே பிடித்து ஒரே ஒருமுறை மோந்தேன். உள்ளே பஞ்சு எரிந்திருந்தது. ஜூஸ் சரியில்லை, பற்றரி சரியில்லை, லண்டனில் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டு போனார். பஞ்சுதான் என்று சொன்னேன். இதற்குள் பஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டு நாளாக வாயில் வைத்து இழுக்கிற மனிதருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆம்பிளைகளின் கதை இப்படித்தான்.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். கப்பலில் வந்த சாமானுக்குக் கடுதாசி வேலையெல்லாம் முடித்து, கொள்கலனை வெளியே எடுத்து, லொறி புறப்படும்வரை வெயிலில் காவல் நிற்கிற வேலை. நான் யாழ்ப்பாணத்தாள், சைவம். எங்கள் கலியாணத்துக்கு இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. எங்களுக்குள் ஆறாமல் இருந்த ஒரே சண்டை சிகரெட். அவருடைய அம்மா, அதாவது என் மாமி, சாகும்வரை சொல்லிப் பார்த்தார். நானும் தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன். போன வருடம் பஸ்ஸில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெமட்டகொடையில் இறங்கி, வீதியோரத்தில் குந்திவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் காதில் ஏதோ ஏறியது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். டொக்டர் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. திரும்ப சிகரெட்டைத் தொட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது என்று, என்னைப் பார்த்துக்கொண்டு அவருக்குச் சொன்னார். வேப் பற்றிக் கேட்டபோதும் முகத்தைச் சுளித்தார். நானும் வேப்புக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் நான். சூயிங்கம் மென்று பார்த்தார், கட்டிய பல் கழன்றதுதான் மிச்சம். ஏலக்காய் சப்பினார். கராம்பு சப்பினார். மாலையானால் பல்கனிக்கும் கதவுக்குமாகக் கூண்டில் போட்ட ஆள்போல நடந்தார். லண்டனில் இருக்கிற என் தம்பி வேப்பைப் பிடித்து, நிக்கொட்டினைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் அதையும் விட்டவன். அவன் அனுப்புகிறேன் என்றான். நான் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன்: ஒவ்வொரு போத்தலும் முந்தியதைவிட மெல்லிசாக இருக்க வேண்டும், கடைசிப் போத்தலில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அதுவரைக்கும் இந்தச் சின்ன மெசின் வேலை செய்தாக வேண்டும். வேலை செய்யாவிட்டால் அவர் எதற்குத் திரும்பிப் போவார் என்பது எனக்குத் தெரியும்.

இனி, அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முழுத் தலையிடியும் அங்கேதான் தொடங்கியது.

இந்தச் சாமான் இங்கே கடைக் கண்ணாடிக்குள் அடுக்கி விற்கிற சாமான் இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் எதையும் எப்படி எடுப்பிப்பார்களோ அப்படித்தான் எடுப்பித்தோம், வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டு. என் பெரியம்மாவின் மகள் லண்டனில் இருந்து தன் மகளுடைய கூறைச் சாறிக்காக வெள்ளவத்தைக்கு வந்தாள். தம்பி அவளிடம் வேப்பையும், காயில்களையும், அதற்குள் ஊற்றுகிற ஜூஸ் போத்தல்களையும் கொடுத்துவிட்டான். காயில் என்றால் வேறொன்றுமில்லை, பஞ்சு சுற்றிய ஒரு சின்னக் கம்பிச் சுருள், விரல் நுனியளவு உலோகக் கூட்டுக்குள் இருக்கும். பஞ்சு ஜூஸைக் குடிக்கும், கம்பி சூடாகும், ஆவி வரும். பஞ்சு கருகினால் புதுசு போட வேண்டும்.

விமானத்தில் வருகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எதைக் கொடுத்துவிட்டாலும் முதலில் பெட்டியைக் கழற்றி எறிவார்கள். சொக்லேட்டுக்குப் பெட்டி வேண்டாம், மருந்துக்குப் பெட்டி வேண்டாம், சப்பாத்துக்குப் பெட்டி வேண்டவே வேண்டாம். நிறை கூடிவிடும், இடம் போய்விடும். அக்காவும் அப்படியே செய்திருந்தாள். காயில்களை எல்லாம் பெட்டியிலிருந்து உருவி, ஒரு சோடிக் காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, அந்தக் காலுறையைச் சப்பாத்துக்குள் திணித்துக் கொண்டுவந்தாள். முடிச்சை அவிழ்த்து என் மேசையில் கொட்டியபோது அவளுக்கு ஒரே பெருமை. பார், எவ்வளவு சின்னனாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். நானும் நல்ல வேலை என்று சொல்லி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

கருகிய அன்று இரவுச் சமையலை அவரிடம் தள்ளிவிட்டு, மெசின் விளக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய காயில்களைத் துணியில் பரப்பினேன். பார்க்க எல்லாம் ஒரே அச்சு. கூட்டின் பக்கத்தில் எறும்புக் கால் அளவில் ஏதோ பொறித்திருந்தது. ஊசிக் காது பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். சிலவற்றில் 0.4 என்றிருந்தது. சிலவற்றில் 1.2. அப்போதே பாதி விஷயம் விளங்கிவிட்டது. இரண்டு சாதியும் அந்த வேப்புக்குள் போகும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவு சூட்டைத் தாங்காது.

தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அவன் உடனே போன் எடுத்தான். அந்த இலக்கம் ஓம்ஸ் என்றும், இலக்கம் சின்னதானால் காயில் அதிக வாட் கேட்கும் என்றும், பெரிதானால் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான். கடையில் ஒரே சாதி போதாமல் இருந்ததால் இரண்டையும் வாங்கினானாம். எதற்கு எவ்வளவு வாட் என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்ததாம். பெட்டி லண்டனில் எந்தக் குப்பைத் தொட்டியில் கிடக்கிறதோ, அந்தத் தொட்டிக்கு இந்த அறிவெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். நடந்தது இதுதான்: தம்பி முதல்நாளே தன் வழக்கப்படி இருபத்தெட்டு வாட்டில் வைக்கச் சொல்லியிருந்தான். 0.4 காயிலுக்கு அது சரி. இவர் காலுறையிலிருந்து கைக்கு அகப்பட்ட 1.2 காயிலை எடுத்துப் போட்டு, அதே இருபத்தெட்டில் எரித்திருக்கிறார். மெல்லிய வொயில் துணியில் அயர்ன் பெட்டியை உச்சச் சூட்டில் வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

காயில்களை, மெசினுக்கு நூல் சுற்றுகிற பாபின்கள் போடும் இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போட்டேன். 0.4 காயிலில் புகை குசினிச் சிம்னி மாதிரிக் கிளம்பி இவருக்கு இருமல் வந்தது. ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, 1.2 தான் இவருக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். வாட்டைப் பன்னிரண்டுக்கு இறக்கினேன். ஆனால் கருகிய காயில் வாட்டைக் குறைத்தாலும் திருந்தாது. கருகிய பஞ்சு கருகியதுதான், தீய்ந்த துணியை எத்தனை தரம் அலசினாலும் அந்த மஞ்சள் போகாததுபோல. அதைத் தூக்கி எறிய இவருக்கு மனம் வரவில்லை. நான் எறிந்தேன்.

நல்ல 1.2 காயில்கள் கொஞ்சம்தான் இருந்தன. மேலும் வாங்கலாமா என்று காலி வீதியில் போனுக்கு உறை விற்கிற ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர், ஒரு சிங்கள அய்யே, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மேசை லாச்சியின் அடியிலிருந்து ஒரு காயிலை எடுத்தார். எந்த வேப்புக்கு என்றுகூடக் கேட்கவில்லை. "ஒக்கொம ஹரி யனவா அக்கே" என்றார், எல்லாவற்றுக்கும் சரிவருமாம். நான் என் கைப்பையிலிருந்து எங்கள் காயிலை எடுத்து அவருடைய கண்ணாடி மேசையில் பக்கத்தில் நிற்க வைத்தேன். அவருடையது மயிரளவு குட்டை. போட்டால் உள்ளே போகும், திருப்பினால் இறுகும், ஆனால் அடியில் தொடுகிற இடத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஜூஸ் ஒழுகும். பாபினிலும் இதே கூத்துத்தான். மயிரளவு வித்தியாசமான பாபினைப் போட்டுவிட்டு, நூல் சிக்குகிறது, மெசின் பழுது என்று என்னிடம் வந்து அழுகிற பெண்கள் எத்தனை பேர். அய்யேக்கு அதைச் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னேன். அவர் காயிலைத் திரும்ப லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த ஆள் லண்டனில் இருந்து ஆடி மாதத்துத் திருவிழாவுக்குத்தான் வரும். அதுவரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

புதுக் காயில் போடுகிற முறையையும் நானே பொறுப்பெடுத்தேன். பஞ்சு தெரிகிற துவாரங்களில் ஒவ்வொரு சொட்டாக ஜூஸ் விட்டு, தாங்கியை நிரப்பி, ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்து முடிக்கும்வரை அப்படியே நிறுத்தி வைப்பேன். ஜூஸிலும் இரண்டு விதம் வந்திருந்தது. ஒன்று நல்லெண்ணெய் மாதிரித் தடிப்பு, மற்றது தண்ணி மாதிரி. 1.2 காயிலின் துவாரம் சின்னது, தடித்த ஜூஸ் அதற்குள் இறங்க மாட்டாது. தண்ணியாக இருந்த மாம்பழ வாசத்தை நிரப்பினேன். எல்லாம் சரி, ஆனால் சரிதான் என்று யார் சோதிப்பது? இவர் நாக்கை நான் நம்பவில்லை. பல்கனிக்குப் போய், சாறித் தலைப்பால் மறைத்துக்கொண்டு நானே ஒரு இழுவை இழுத்தேன். இருமல் வந்தது, கண்ணில் தண்ணி வந்தது, ஆனால் கருகல் இல்லை. மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டு அன்ரி, என்ன பிள்ளை, நேற்று உங்கள் வீட்டில் மாம்பழ ஜாம் காய்ச்சினீர்களா என்று கேட்டார். ஓம் அன்ரி என்று சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு வாரம் அந்த ஜாமை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாலையில் பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு அவர் இழுப்பார், நான் உள்ளே தைத்துக்கொண்டே அன்றைய புதினமெல்லாம் கேட்பேன், அவர் பதில் சொல்வார், இடையில் ஒரு இழுவை. ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் வேலைக்குக் கொண்டுபோன மறுநாளே மத்தியானம் துறைமுகத்தில் இருந்து போன் பண்ணினார். கருகுகிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் காயிலைக் கழற்றி, தையல் பிரிக்கிற முள்ளால் கூட்டை நெம்பித் திறந்தேன். கம்பியை ஒட்டிய பஞ்சு கறுத்திருந்தது. இவர் பொய் சொல்லவில்லை. புதுசு போட்டேன். வாட் சரி, ஜூஸ் சரி, காத்திருந்த நேரம் சரி. மாலையில் பல்கனியில் நன்றாக இழுத்தது. அடுத்த நாள் மத்தியானம் திரும்ப அதே போன். அதற்கடுத்த கிழமையும் அதே. பாபின் பெட்டியில் காயில் குறைந்துகொண்டே வந்தது, என் பொறுமையும் கூடவே குறைந்தது. வீட்டில் நல்லபிள்ளையாக இருக்கிற மெசின், துறைமுகத்தடிக் கொச்சிக்கடைக்குப் போனால் மட்டும் ஏன் கருகுகிறது? வெயிலா? கடற்காற்றா? சட்டைப் பையில் சரிந்து கிடக்கிறதா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் விடவில்லை. ஒரு மெசின் ஒரு இடத்தில் வேலை செய்து இன்னோர் இடத்தில் செய்யாவிட்டால், வித்தியாசம் மெசினில் இல்லை. இது என் தொழிலில் நான் படித்தது.

அவருக்குத்தான் பொறுமை போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை மாலை, கருகிய காயிலோடு வேப்பை என் கையில் தந்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் கதிரையில் இருந்தார்.

"இனி ஏலாதப்பா. உள்ளதெல்லாம் செய்து பார்த்தாச்சு. நாளைக்கும் கருகினா நான் ஒரு பெட்டி சிகரெட் வாங்கப் போறன்" என்றார்.

வெறும் மிரட்டல் என்றால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் மிரட்டவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார், அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அழுகை வந்தது. கோபம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அந்த மனிதர் தெமட்டகொடையில் வீதியோரம் குந்தியிருந்த கோலத்தை ஆட்டோவில் போய் இறங்கிப் பார்த்தவள் நான். இன்னொருமுறை பார்க்க எனக்கு வலுவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியப் புதுக் காயில் போட்டு அனுப்பிவிட்டு, மத்தியானத்துக்கு முன் மெசினை மூடினேன். ஒரு மணப்பெண்ணின் பிளவுஸ் பாதியில் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு பஸ் ஏறினேன். செவ்வாயில் துறைமுக வாசலடியில் இருக்கிற கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சனம் அள்ளிக் கொட்டும். கத்தோலிக்கர், சைவர், சிங்களவர் என்று பார்க்க முடியாது, எல்லோர் கையிலும் மெழுகுதிரி. அந்தக் கூட்டத்துக்குள் நான் ஒருத்தி நின்றால் யார் கவனிக்கப் போகிறார்கள்? துறைமுக வாசலுக்கு எதிர்ப்பக்கம், மெழுகுதிரி விற்கிற மனுசியின் குடை நிழலில் ஒதுங்கி நின்றேன். சும்மா நிற்க விடமாட்டாள் என்று ஒரு மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தார். கையில் கடுதாசிக் கோப்பு. வாசலைத் தாண்டியதும் மதிலோரமாகத் திரும்பி, முதுகைக் காவலாளி பக்கம் காட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு, உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்த வேப்பை வாய்க்குக் கொண்டுபோனார். இழுத்தார். விட்டும் விடாமலும் இன்னொன்று. அதற்குமேல் இன்னொன்று, கன்னம் குழிவிழ. நான் மெழுகுதிரி வாங்கிய மிச்சச் சில்லறையைப் பைக்குள் போட்டு முடிக்கமுன் எல்லாம் முடிந்து, முகத்தைச் சுளித்து நிறுத்தினார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அது வேப் இழுக்கிற விதம் இல்லை, துறைமுகத்தில் சிகரெட் குடிக்கிற விதம். உள்ளே புகைக்க விடமாட்டார்கள். கிளார்க்மாருக்குக் கிடைப்பது, ஒரு கடுதாசியில் முத்திரை விழுந்து லொறி வாசலுக்கு வருவதற்கு இடையில் உள்ள துண்டு நேரம். அந்தத் துண்டுக்குள் ஒரு முழுச் சிகரெட்டை, யார் கண்ணிலும் படாமல், கைக்குள் மறைத்து, அடுத்தடுத்து இழுத்து முடிக்கப் பழகியிருக்கிறார்கள். சிகரெட் அதைத் தாங்கும். பஞ்சு எப்படித் தாங்கும்? முதல் இழுவையில் காய்ந்த பஞ்சு திரும்ப நனைவதற்குள் இரண்டாம் இழுவை, மூன்றாம் இழுவை. நனையாத பஞ்சில் கம்பி சிவந்தால் கருகாமல் மணக்குமா? பல்கனியில் நான்தான் இடையில் இடையில் கதை கேட்டுக்கொண்டிருந்தேன், பஞ்சு நனைந்துகொண்டிருந்தது. என் வாய் அந்த மெசினுக்கு இவ்வளவு நன்மை செய்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

வீதியைக் கடந்து போய் அவர் முன்னால் நின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆர் உங்களைத் துரத்துறது?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றும் விளங்காமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். காவலாளி போனில் இருந்தான். யாரும் துரத்தவில்லை. நான் வேப்பை வாங்கி மோந்து பார்த்தேன், பஞ்சு காய்ந்திருந்தது, நல்லவேளை இன்னும் கருகவில்லை, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நான் விளக்கிச் சொன்னேன், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்ச நேரம் வேண்டும் அல்லவா, அப்படி. ஒரு இழுவைக்கும் மறு இழுவைக்கும் நடுவே பொறுக்க வேண்டும், அவ்வளவுதான், வேறு ஒரு கோளாறும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, எவ்வளவு நேரம் பொறுப்பது, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவா, கை தன்பாட்டில் வாய்க்குப் போகிறதே என்று சலித்துக்கொண்டார். அதுவும் நியாயம். கையைச் சும்மா நிற்கச் சொன்னால் நிற்காது, அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அல்லது வாய்க்கு.

அப்போதுதான் மாமியின் தேத்தண்ணி நினைவுக்கு வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் மாமி தேயிலை போட்டு மூடிவிட்டு, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு மாதாவுக்குரிய ஒரு சின்ன மந்திரத்தை ஒருமுறை சொல்வார். சொல்லி முடிந்தால் தேத்தண்ணி பதம். ஒருநாளும் பிசகியதில்லை. கலியாணமான புதிதில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முணுமுணுப்பில் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை, நீளம் மட்டும் பிடிபட்டது. இன்றைக்கும் நான் தேத்தண்ணி ஊற விடுவது அந்த நீளத்துக்குத்தான்.

"மாமி தேத்தண்ணிக்குச் சொல்லுறதைச் சொல்லுங்கோ. அது முடியும்வரை அடுத்தது இழுக்கக் கூடாது" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மாமியின் அடக்கத்துக்குப் பிறகு அவர் அதைச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். கோயிலடியில் தினம் வேலை, ஆனால் வாசற்படி மிதிப்பதில்லை. நான் இவ்வளவு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

"அதை இந்தக் குப்பைக்குச் சொல்லுறதே?" என்றார் மெதுவாக.

"தேத்தண்ணிக்குச் சொன்ன மனுசி. மகன்ர உயிருக்குச் சொன்னா கோவிக்கவே போறா?"

அவர் வேப்பை எடுத்து, இந்த முறை கையை மறைக்காமல், ஆறுதலாக ஒரு இழுவை இழுத்தார். கையைக் கீழே விட்டார். உதடு அசையத் தொடங்கியது. சுற்றிவரப் பஸ் நடத்துனர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், மெழுகு உருகுகிற மணம் வந்துகொண்டிருந்தது. நான் கிட்ட நின்றதால், மாமியின் வாயில் பிடிபடாத சொற்கள் முதன்முறையாக ஒவ்வொன்றாகக் கேட்டன. முதல் பாதி வாழ்த்து. பின்பாதி வேண்டுதல். எங்களுக்காக இப்போதும் வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்கிறது, பிறகு மரண நேரத்திலும் என்று வருகிறது. அந்த இடத்தில் அவர் நின்றார். அதைத் திரும்பச் சொல்லி முடித்தார்.

இத்தனை வருடமும் நான் அதன் நீளத்தை வைத்துத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கையிலிருந்த மெழுகுதிரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இழுங்கோ, இப்ப இழுங்கோ என்றேன். இழுத்தார். கண்ணை மூடி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கருகேல்ல" என்றார்.

மூன்றாவது இழுக்கவில்லை. வேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். படியில் செருப்பைக் கழற்றினார். நான் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டேன், செவ்வாய்க்கிழமைகளில் அங்கே செருப்பு நிலைக்காது.

அன்று போட்ட காயில் வாரக்கணக்கில் ஓடியது. ஆடியில் வந்த ஆளிடம் பெட்டியோடு கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், நிறைக்கு நான் பொறுப்பு என்று. ஆனால் அந்தப் பெட்டியை உடைக்கவே கனநாள் எடுத்தது. பையில் இப்போது இருப்பது கடைசிப் போத்தல், மாம்பழ மணமும் தண்ணியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சிகரெட்டை அவர் தொடவில்லை. டொக்டர்கூட இந்த முறை முகத்தைச் சுளிக்கவில்லை. யார் செய்த வேலை என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாலையில் அவர் பல்கனியில் இருப்பார். ஒரு இழுவை, பிறகு அந்த முணுமுணுப்பு. பல நாட்களில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த இழுவையை மறந்துபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே தைத்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு அவசர வேலை என்றாலும் பின்பாதி தொடங்கும்போது என் கால் தன்பாட்டில் மிதியிலிருந்து எடுபட்டுவிடும். மெசின் நின்றுவிடும். மரண நேரம் என்கிற அந்த இரண்டு சொல்லும் கடந்து போகும்வரை ஊசியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பிறகு இருமல் இல்லாமல் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பக் காலை வைப்பேன்.